தண்ணி அடுப்பை எங்கே வைப்பது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் பணத்தை மனதில் வைத்துத்தான் சொன்னார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பணத்தால் சண்டை வரவில்லை. அதை வங்கி பார்த்துக்கொண்டது, இருபது வருஷத்துக்கு நான் வங்கியைப் பார்த்துக்கொள்வேன். சண்டை வந்தது மூன்றடிக்கு மூன்றடி இடத்துக்கு.

திருப்பூரில் பல்லடம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் இடம். ஐந்து தென்னை மரம் நின்ற பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, மரங்களை மட்டும் விட்டுவிட்டுப் புது வீடு கட்டினோம். பிளானை நானே லேப்டாப்பில் வரைந்தேன். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், குளியலறையில் கீசர், சமையலறையில் காஸ், பக்கத்தில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. எங்கே எந்த பிளக் பாயிண்ட் என்பதுவரை எல்லாம் வரைந்தாயிற்று. லிண்டல் போட்ட வாரம் அம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்காமல் மேஸ்திரியைக் கேட்டாள்.

"ஏனுங்க, தண்ணி அடுப்புக்கு எங்கீங்க எடம் உட்டிருக்கீங்க?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "அதெல்லாம் வேண்டாம்மா, சோலார் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. நான் கேட்டது அடுப்பு."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். விறகு மூட்டி அறையைச் சூடாக்கும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அதெல்லாம் மலையேறி ஊட்டி, கோத்தகிரி போனால் இருக்கும் கணப்பு. இங்கே பங்குனியில் சுவரே அனல் கக்கும். திருப்பூர் வீட்டில் விறகுச் சூடு என்றால் குளிக்கிற சுடுதண்ணிதான். கொல்லைப்புறத்தில் மூன்று பக்கம் செங்கல், மேலே கரி பிடித்த தவலை, கீழே தென்னை மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும். பற்றவைக்க ஒரு பிடி பனியன் வேஸ்ட். கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் விடிகாலையில் ஊரில் பாதி வீட்டுக் கொல்லையில் இந்தப் புகை எழும். என் பள்ளிச் சட்டையில் அந்த வாசனை நிரந்தரமாக இருந்தது. எல்லார் சட்டையிலும் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

*

எனக்கு இது வெறும் வசதிக் கணக்கு இல்லை. என் அம்மாயி, அம்மாவின் அம்மா, கடைசி நான்கு வருஷம் கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். படுத்தால் மூச்சு வராது. முதல்முறை கூட்டிப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?" அம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அடுப்பு ஊதற பழக்கந்தானுங்க" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. அதைத்தான் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குள் எரியும் விறகு, சாணி, கரிப் புகையால் 2020ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் என் அம்மாயி இல்லை, அவள் அதற்கு முன்பே போய்விட்டாள். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது இருமல் சத்தம்தான்.

ஆகவே அம்மாவிடம் ஆய்வுகளைக் காட்டி ஜெயித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்ஜினியர் புத்தி. தேடியதில் நம் ஊர் ஆய்வே கிடைத்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நான்கு நாடுகளில் 3200 கர்ப்பிணிப் பெண்களை வைத்து நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. காஸ் வாங்கியவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 2022ல் முடிவு வெளியானபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதனால் புகை நல்லது என்று ஆகிவிடாது. ஒரு கர்ப்ப காலத்துக்குள் எடையில் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். நாற்பது வருஷம் ஊதிய நுரையீரலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஏமாற்றம் என்று யோசித்தபோதுதான் வெட்கமும் வந்தது. நான் உண்மையைத் தேடிப் போகவில்லை, அம்மாவை வாயடைக்க ஒரு தடி தேடிப் போயிருக்கிறேன்.

தடி இல்லாமல் கேட்டேன். "எதுக்கும்மா அந்த அடுப்பு? பழக்கமா?"

அவள் சொன்னது நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. "சிலிண்டர் தீந்தா உன்னக் கேக்கோணும். கரண்ட் பில்லு ஏறினா நீ எதுவும் சொல்லமாட்டே, ஆனா எனக்குத் தெரியும். இந்த மட்டை எங்க மரத்துல உழுகுது. யாரையும் கேக்காம எங்கையால ஒரு சூடு உண்டாக்கிக்குவேன். அவ்வளவுதான் சாமி."

எங்கள் பேச்சில் ஒரு வீடு நன்றாக இருக்கிறது என்பதை "அடுப்பெரியுது" என்றுதான் சொல்கிறோம். வடலூரில் 1867ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்பதை ஒரு அறமாகவே சொல்கிறோம். அம்மாவுக்கு அந்த அடுப்பில் சம்பளம் வாங்காத ஒரு பெண்ணின் சொந்த அதிகாரம் இருந்தது. நான் ஆரோக்கியத்தின் பெயரால் எடுக்கப் பார்த்தது அதை. என் வீட்டு லோனை நான் கட்டுகிறேன் என்பதால் அவள் எப்படிக் குளிக்க வேண்டும் என்று நான் சொல்லலாமா? இதை இன்னொருவர் தன் அம்மாவிடம் சொல்லக் கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

*

சரி, அடுப்பு வேண்டும் என்றால் நல்ல அடுப்பாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு 25 லிட்டர் என்றால் 100 லிட்டர். மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்து, அதை 42 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேவைப்படும் சூடு ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் நான்கு யூனிட்டுக்குச் சற்று மேலாகவே சூடு இருக்கிறது. அப்படியானால் அரைக் கிலோ போதும். ஆனால் மூன்று கல் அடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு சூடுதான் தண்ணீருக்குப் போகும். மீதி ஊருக்குப் போகும். அதனால் தினமும் மூன்றரைக் கிலோ. சுற்றிலும் மூடி, அடியில் காற்று வர வழி வைத்து, சுடர் தவலையை உரசிப் போகும்படி கட்டினால் இதைப் பாதியாக்கலாம். காய்ந்த தென்னை மட்டை ஒன்றை எடை போட்டேன், இரண்டரைக் கிலோ. ஒரு மரம் மாதத்துக்கு ஒரு மட்டை போடும். ஐந்து மரம், வருஷத்துக்கு அறுபது மட்டை, 150 கிலோ. பழைய அடுப்பில் அது நாற்பத்திச் சொச்சம் நாள். நல்ல அடுப்பில் குளிர்காலம் முழுக்க. விலைக்கு விறகே வாங்க வேண்டாம்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் படிக்க வெச்சது" என்றாள். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

இந்தக் கணக்கில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. புகை என்பது எரியாமல் தப்பிப் போன விறகு. பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டவே நெருப்பின் சக்தி போய்விடும். நெருப்பு சூடு குறைந்து தடுமாறும்போது விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் அப்படியே வெளியேறும். விறகை ஒரு வருஷம் நிழலில், மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கிவைத்தால் பாதிப் புகை அங்கேயே நின்றுவிடும். நார்வேயில் 2013ல் தேசியத் தொலைக்காட்சி விறகு வெட்டுவதையும் அடுக்குவதையும் எரிவதையும் பன்னிரண்டு மணிநேரம் ஒளிபரப்பியது. அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்களாம். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அம்மா மட்டையைக் கவிழ்த்து அடுக்குவதைப் பார்த்தபோது, அவள் அந்தச் சண்டையில் ஒரு கட்சி எடுத்திருப்பாள் என்று தோன்றியது.

பனியன் வேஸ்ட் வைத்துப் பற்றவைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் பருத்தி மட்டும் இருந்த காலம் வேறு. இப்போது பாலியஸ்டர், எலாஸ்டிக், பிரிண்டிங் பிளாஸ்டிக் எல்லாம் கலந்து வருகிறது. தென்னம்பன்னாடை போதும் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்.

*

இனி இடம். வாஸ்து பார்த்தவர் தென்கிழக்கைக் காட்டினார், அக்னி மூலை. எனக்கும் அது சௌகரியம், அங்கேதான் குளியலறைக் குழாய் வருகிறது. புகைக்கூண்டு வைத்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய்விட்டால் எங்கள் வீட்டுக்குள் புகை வராது. பிளானில் வரைந்து, பெருமையாக மேஸ்திரியிடம் காட்டினேன்.

அவர் பிளானைப் பார்க்கவில்லை. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "தம்பி, மார்கழில காத்து எங்கிருந்து அடிக்கும்?"

வடகிழக்கிலிருந்து. அதுவும் விடிகாலையில் காற்று என்று சொல்லவே முடியாது, நகரும் அவ்வளவுதான். குளிர்ந்த காற்று தரையோடு கிடக்கும், மேலே கொஞ்சம் சூடான காற்று மூடிபோல நிற்கும். புகை மேலே போகாமல் கூரை உயரத்திலேயே பரவும். அதாவது சுடுதண்ணி தேவைப்படும் மாதங்களில், தேவைப்படும் நேரத்தில்தான் புகை போக மறுக்கிறது. தென்கிழக்கில் எழும் புகை தென்மேற்காக இறங்கும். எங்கள் தெற்குக் காம்பவுண்டை ஒட்டி, அதே திசையில், ஒரு லைன் வீடு. எட்டு அறை, தகரக் கூரை, அறைக்கு ஒரே ஜன்னல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அந்த ஜன்னல்கள் எல்லாம் எங்கள் பக்கம்.

என் பிளானில் லைன் வீடு இல்லை. மென்பொருளில் எங்கள் எல்லைக் கோட்டுக்கு வெளியே வெறும் வெள்ளை. வாஸ்துக்காரர் படத்திலும் இல்லை. அவர் எங்கள் குடும்பத்துக்கு எது நல்லது என்று பார்த்தார், நான் எங்கள் நுரையீரலுக்கு எது நல்லது என்று பார்த்தேன். இரண்டு பேரும் காம்பவுண்டோடு நின்றுவிட்டோம். புகை மட்டும்தான் நிற்கவில்லை.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' நூலில் ஒரு கோடு போடுகிறார். ஒருவர் தனக்கே தீங்கு செய்துகொள்வதைத் தடுக்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை, பிறருக்குத் தீங்கு வந்தால் தடுக்கலாம். கல்லூரி நாட்களில் இது எனக்கு மிகத் தெளிவான கோடாகத் தெரிந்தது. அம்மாவின் அடுப்பு விஷயத்திலும் முதல் பாதி சரியாகவே பொருந்தியது. அவள் நுரையீரல், அவள் முடிவு, நான் எச்சரிக்கலாம், தடுக்கக் கூடாது. ஆனால் அடுப்பு மில்லின் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எரிகிறது. ஒரே புகைதான் அவள் விருப்பமாகவும் அடுத்தவர் மூச்சாகவும் ஆகிறது.

"ஒரு அடுப்புப் புகை என்ன பண்ணிவிடும்?" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதில் பெரும்பங்கு வீட்டுக் கணப்புகளில் எரிந்த நிலக்கரி. ஒவ்வொரு வீட்டாரும் குளிருக்குத் தன் பங்குக்கு நியாயமான ஒரு நெருப்பு மூட்டியவர்தான். கொலை செய்தவர் என்று யாரையும் காட்ட முடியாது. 1956ல் சட்டம் கொண்டுவந்து, புகை விடக் கூடாத பகுதிகளை அறிவிக்க வேண்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் குற்றமே இல்லாத செயல்கள் சேர்ந்து ஒருவரைக் கொல்லும் என்றால், அதில் என் பங்கு எவ்வளவு என்று எந்த நியாயப்படி வகுப்பது?

*

திருப்பூர்க்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. காம்பவுண்டோடு நிற்கும் பிளானை இந்த ஊரே ஒரு காலத்தில் போட்டது. சாயப்பட்டறைத் தண்ணீர் சுவரைத் தாண்டி ஓடைக்குப் போனால் பட்டறைக்கு வேலை முடிந்தது. ஓடையிலிருந்து நொய்யலுக்கு. நொய்யலிலிருந்து பாசனத்துக்காக 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணைக்கு. அணையில் தேங்கியது உப்பும் சாயமும். கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எனக்கு அப்போது கல்லூரி வயது. தெருவில் தறி, தையல், செக்கிங், டெம்போ என்று எல்லாம் ஒவ்வொன்றாக நின்றது நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய வருஷங்களில் கீழ்மடையில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றதை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. அது எங்கள் தெருவில் நடக்கவில்லை.

பிறகு ஊர் மாறியது. சாயத் தண்ணீரை ஆர்.ஓ. வைத்து வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கடைசியில் மிஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலை ஆவியாக்கிக் காயவைக்கிறார்கள். ஆவியாக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர். பாய்லருக்கு விறகு. துணிக்குச் சாயம் ஏற்றும் சூட்டுக்கும் விறகுதான். சீமைக் கருவேலமும் மற்றதும் லாரி லாரியாக வந்து இறங்குவதை இந்த ஊரில் பார்க்காதவர் இல்லை. ஆற்றில் விட்ட உப்பை இப்போது விறகெரித்து வற்றவைக்கிறோம்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆற்றில் விட்டதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். கழிவு என்பது காணாமல் போவதில்லை, வேறு வழியாக வேறு யாரிடமோ போகிறது என்பதைத்தான் சொல்கிறேன். என் கீசரும் அப்படித்தான். அது என் குளியலறையில் புகைவதில்லை, அந்தக் கரண்டில் ஒரு பங்குக்கு மேட்டூரிலோ நெய்வேலியிலோ கரி எரிகிறது. அம்மாவின் புகை என் கண்ணுக்குத் தெரிகிறது, என்னுடையது தெரியவில்லை. தெரியாததாலேயே நான் அவளைவிடச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக எல்லாப் புகையும் ஒன்று என்று கைவிரிக்கவும் முடியாது. எட்டடி தூரத்து ஜன்னலுக்குள் விடிகாலையில் போகும் புகையும் உயர்ந்த புகைபோக்கியில் கலைந்துபோகும் புகையும் ஒன்றல்ல. நான் கடைசியில் பிடித்துக்கொண்டது எளிய ஒரு விதி. புகை இல்லாத சூடு என்று ஒன்றை என்னால் வாங்க முடியாது. யாருடைய மூக்குக்குப் போகிறது என்று பார்க்கலாம், அவரிடம் போய்க் கேட்கலாம்.

*

கேட்கப் போனேன். கடைசி அறையில் ஒரு ஒடிசாக் குடும்பம். அவர் நைட் ஷிப்ட், அந்தப் பெண் செக்கிங் வேலை, ஒரு கைக்குழந்தை. வீட்டுக்காரர் வந்து நிற்கிறார் என்றதும் ஏதோ புகார் என்று பயந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், "வெடியாலம் வேணாம் அண்ணா. அவரு வந்து அப்பத்தான் தூங்கும். ஜன்னல் மூடினா வேர்க்கும், தொறந்தா புகை" என்றார். தெளிவான பதில். அடுத்து அவரே ஒன்று கேட்டார். "அண்ணா, காஞ்ச மட்டை மிச்சம் இருந்தா எங்களுக்குக் குடுப்பீங்களா?"

லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மறைவில் அவர்களும் விறகில்தான் சமைக்கிறார்கள். காஸ் கனெக்‌ஷனுக்கு உள்ளூர் முகவரிச் சான்று இல்லை. கடையில் கிலோ கணக்கில் நிரப்பித் தரும் சின்ன சிலிண்டர் கட்டுப்படியாகவில்லை. அவருடைய நுரையீரலைக் காப்பாற்ற வந்த என்னிடம் அவர் கேட்டது இன்னும் கொஞ்சம் விறகு.

என் நியாயமெல்லாம் அந்த இடத்தில் நடை தடுமாறியது. மட்டை கொடுத்தால் அந்தக் குழந்தைக்குப் புகை. கொடுக்காவிட்டால் இன்னும் மோசமான எதையாவது எரிப்பார்கள், ஒருவேளை பனியன் வேஸ்ட். அம்மாவிடம் வந்து சொன்னேன். அவளுக்கு இதில் தத்துவச் சிக்கல் எதுவும் தெரியவில்லை. "குடுக்கறதுக்கென்ன" என்றாள்.

அடுப்பை வடமேற்கு மூலைக்கு மாற்றினோம். வாஸ்துவில் அதற்கும் ஒரு இடம் இருக்கிறதாம், வாயு மூலை, அக்னிக்கு இரண்டாவது இடம். குழாய்க்குக் கூடுதலாக முப்பதடி. மார்கழிக் காற்றில் புகை எங்கள் மேற்குப் பக்கத்துக் காலி மனைக்குப் போகும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அதே புகை நேராக எங்கள் ஹாலுக்குள் வரும். வரட்டும், அது நியாயம்தான். அந்த மாதத்தில் சோலாரே போதும். காலையில் ஏழு மணிக்கு மேல், வெயில் ஏறிக் காற்று கிளம்பிய பிறகுதான் பற்றவைப்பது என்று அம்மா ஒத்துக்கொண்டாள். ஆபீஸ் போகிற நாங்கள் சோலார் தண்ணியில் குளிக்கிறோம். அவளுக்கும், ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கும் அடுப்புத் தண்ணி. நான் போட்ட 100 லிட்டர் கணக்கு அதனால் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

மிச்ச மட்டையை அம்மா இரண்டு குவியலாக அடுக்குகிறாள், ஒன்று நமக்கு, ஒன்று அந்தப் புள்ளைக்கு. நான் ஒரு சனிக்கிழமை காஸ் ஏஜென்சிக்குப் போய், ஒரு அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கும் 5 கிலோ சிலிண்டருக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். வாங்கியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் அது தீர்ந்ததும் மட்டைக்கு வருகிறார்கள். இரண்டும் நடக்கிறது.

மேற்குப் பக்கத்து மனையில் எண் எழுதிய கல் நட்டிருக்கிறது. போன வாரம் கார் ஒன்று வந்து நின்றது, ஒரு குடும்பம் இறங்கி அடியெடுத்து வைத்து அளந்து பார்த்தது. அவர்கள் பிளானில் எங்கள் புகைக்கூண்டு இருக்காது. அஸ்திவாரம் தோண்டும் அன்று போய்ப் பேச வேண்டும்.